விவாதம்: ஓட்டுப் போட அடையாள அட்டை எவ்வளவு கட்டாயம்? விரல்ரேகை வெச்சா கள்ள ஓட்டு ஒழியுமா?

#1 தெக்கத்தியான்

தேர்தல் வந்தா தவறாம வர்ற சண்டை. இங்கேயும் ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்.

என் வாதத்தை முதல்லயே சொல்லிடறேன். பூத்துல காட்டறதுக்குப் பன்னிரண்டு வகை ஆவணம்னு வாசலை அகலமாத் தொறந்து வெச்சுட்டு, கள்ள ஓட்டைத் தடுக்கறோம்னு சொல்றது கேலிக்கூத்து. ஒரே அட்டை போதும். அதையும் கண்ணால பார்த்துத் தலையாட்டற வேலை வேண்டாம். ரேஷன் கடையில விரல் வெச்சுத்தான் அரிசி வாங்கறோம். அதே கருவியை பூத்துல முதல் மேசையில வெச்சா என்ன குறைஞ்சு போச்சு? விரல் ஒத்துப்போனா ஓட்டு, இல்லேன்னா வீட்டுக்கு.

விவரம் தெரிஞ்சவங்க பதில் சொல்லுங்க. கட்சிச் சண்டை வேண்டாம். பூத்துக்குள்ள உண்மையில என்ன நடக்குது, ஓட்டுல எங்க ஓட்டை, அதைப் பேசுவோம்.

#2 பதினேழுஏ

அண்ணே, பேச ஆரம்பிக்கும் முன்னாடி ஒரு முடிச்சை அவிழ்த்துடணும். ஓட்டுரிமை பட்டியலில் இருக்கிறது. அட்டையில் இல்லை. 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 62 சொல்வது இவ்வளவுதான்: தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர் அங்கே ஓட்டுப் போடலாம், பெயர் இல்லாதவர் போடக்கூடாது. "பட்டியலில் உள்ள இந்தப் பெயருக்கு உரிய ஆள் இவர்தானா" என்ற ஒரே கேள்விக்குத்தான் அட்டை பதில். கையில் பளபளன்னு வாக்காளர் அட்டை இருந்தும் பட்டியலில் பெயர் இல்லேன்னா திரும்ப வேண்டியதுதான். பெயர் இருந்து அட்டை தொலைஞ்சு போயிருந்தா மாற்று ஆவணத்தைக் காட்டிப் போடலாம்.

அட்டை கேட்கும் அதிகாரம் அதே சட்டத்தின் பிரிவு 61, அப்புறம் 1960 வாக்காளர் பதிவு விதிகளில் 28ஆம் விதி. 1993இல், தலைமைத் தேர்தல் ஆணையரா இருந்த சேஷன் காலத்தில் படம் போட்ட அட்டை வர ஆரம்பிச்சது.

இப்ப மேசைக்கு வருவோம். முதல் அலுவலர் கையில் குறியிடும் பட்டியல் இருக்கும். ஆவணத்தைப் பார்த்து, பட்டியலில் உள்ள படத்தோடு முகத்தை ஒப்பிட்டு, பெயரையும் வரிசை எண்ணையும் ஏஜென்ட்டுகள் காதில் விழும்படி உரக்கப் படிப்பார். அந்தச் சத்தம் சடங்குக்கு இல்லை. கள்ள ஓட்டைப் பிடிக்கிற முதல் வலை அதுதான். பெயர் உள்ள கட்டத்துக்குக் குறுக்கே கோடு போடுவார். பெண் என்றால் வரிசை எண்ணைச் சுற்றி ஒரு வட்டமும் உண்டு, மூன்றாம் பாலினத்தவருக்கு நட்சத்திரக் குறி.

இரண்டாம் அலுவலர் இடது ஆள்காட்டி விரலைப் பார்த்து, மை வெச்சு, 17ஏ பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கி, சீட்டு கொடுப்பார். 17ஏவில் ஆவணத்துக்கு ஒரு கட்டம் உண்டு. வாக்காளர் அட்டைன்னா 'இபி'ன்னு இரண்டு எழுத்து போதும். மாற்று ஆவணம்னா அதன் கடைசி நாலு இலக்கத்தை எழுதணும். அவசரத்தில் இந்தக் கட்டத்தைக் காலியாக விடறது சகஜம். பின்னாடி வழக்குன்னு வந்தா யார் எதைக் காட்டிப் போட்டாங்கன்னு சொல்ல வழியே இருக்காது.

மூன்றாமவர் சீட்டை வாங்கி, மை சரியா இருக்கான்னு மறுபடி பார்த்து, கட்டுப்பாட்டுக் கருவியில் பொத்தானை அமுக்குவார்.

#3 பச்சைத்தமிழச்சி

ஒரு சந்தேகம். ரேஷன் ஸ்மார்ட் கார்டுல படம் இருக்கே. அதைப் பூத்துல ஏத்துக்க மாட்டேங்கிறாங்க, ஏன்?

#4 பதினேழுஏ

அது அந்தப் பன்னிரண்டில் இல்லை சகோதரி. குடும்பத்துக்கு ஒரு அட்டை, படம் குடும்பத் தலைவரோடது. மற்ற உறுப்பினர்களை அதை வெச்சு எப்படி அடையாளம் காண்பது?

2024 மக்களவைத் தேர்தலுக்கு ஆணையம் கொடுத்த பட்டியல்: ஆதார், நூறு நாள் வேலை அட்டை, வங்கி அல்லது தபால் நிலையத்தின் படம் ஒட்டிய பாஸ்புக், தொழிலாளர் அமைச்சகத் திட்டத்தின் மருத்துவக் காப்பீட்டு ஸ்மார்ட் கார்டு, ஓட்டுநர் உரிமம், பான், தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டின் ஸ்மார்ட் கார்டு, பாஸ்போர்ட், படத்துடன் ஓய்வூதிய ஆவணம், மத்திய மாநில அரசு, பொதுத்துறை, பொது லிமிடெட் கம்பெனிகளின் படம் போட்ட பணியாளர் அட்டை, எம்.பி., எம்.எல்.ஏ., எம்.எல்.சி. அட்டை, மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அட்டை.

பூத் சிலிப்பை ஆவணமா நினைச்சுக்கிட்டு வர்றவங்க இன்னும் இருக்காங்க. 2019 மக்களவைத் தேர்தல்லேர்ந்து அதை மட்டும் காட்டிப் போட முடியாது. எந்தப் பகுதி, எந்த வரிசை எண்ணுன்னு தேட மட்டும்தான் அது உதவும். வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதிஞ்சவங்களுக்கு அசல் பாஸ்போர்ட் தவிர வேறு எதுவும் செல்லாது.

வாக்காளர் அட்டையில் பெயரில் ஓர் எழுத்துப் பிழை, அப்பா பெயரில் இனிஷியல் மாறியிருப்பது, இதுக்கெல்லாம் திருப்பி அனுப்பக் கூடாது. ஆள் அவர்தான்னு தெரிஞ்சா போதும். ஆனா படமே வேறொருத்தர் படமா அச்சாகியிருந்தா அந்த அட்டை உதவாது, மாற்று ஆவணம் கேட்பாங்க.

#5 மைவிரல்

தெக்கத்தியான் அண்ணாச்சி கேட்ட "எங்க ஓட்டை"க்கு வர்றேன்.

கள்ள ஓட்டுன்னா ஒருத்தர் முகமூடி போட்டுக்கிட்டு வர்ற மாதிரி கற்பனை பண்றோம். நடைமுறையில் மூணு விஷயம் ஒண்ணு சேர்ந்தாத்தான் அது நடக்கும். வரவே மாட்டாருன்னு உறுதியாத் தெரிஞ்ச ஒரு பெயர் (செத்தவர், ஊர் மாறினவர், வெளிநாட்டுல இருக்கறவர்). மை இல்லாத ஒரு விரல். வாய் திறக்காத ஏஜென்ட்டுகள். முக்காலி மாதிரி, மூணு கால்ல ஒண்ணு உடைஞ்சாலும் வேலை நடக்காது.

முதல் காலை உடைக்கத்தான் ஏ.எஸ்.டி. பட்டியல். இல்லாதவர், இடம் மாறியவர், இறந்தவர் பெயர்களை பி.எல்.ஓ. (பூத் அளவிலான அலுவலர்) வீடு வீடாப் போய்த் திரட்டி பூத்துக்குக் கொடுப்பார். அந்தப் பட்டியலில் உள்ள பெயரைச் சொல்லி யாராவது வந்தா, தலைமை அலுவலரே நேரடியா ஆவணத்தைச் சரிபார்க்கணும். 17ஏவில் கையெழுத்தோட கட்டைவிரல் ரேகையும் வாங்கணும், உறுதிமொழியும் வாங்கணும். இது ஒழுங்கா நடந்தாலே பாதி வேலை முடிஞ்சது. ஏ.எஸ்.டி. பட்டியல் ஏஜென்ட்டுகள் கையிலும் இருக்கணும். இல்லாத பூத்துல அது தலைமை அலுவலர் பைக்குள்ளயே தூங்கும்.

இரண்டாவது கால், மை. மைசூர் பெயின்ட்ஸ் தயாரிப்பு, 1962 தேர்தல்லேர்ந்து புழக்கத்தில் இருக்கு. 10 மில்லி குப்பி ஏறக்குறைய 700 பேருக்கு வரும். சில்வர் நைட்ரேட் தோல்ல உள்ள உப்போட சேர்ந்து, வெளிச்சம் பட்டுக் கறுப்பாகுது. எண்ணெய், மெழுகு தடவிய விரல்ல பிடிக்காது. அதனால வெக்கறதுக்கு முன்னாடி துணியால அழுத்தித் துடைக்கணும். நகத்தின் மேல்முனையிலேர்ந்து முதல் கணு வரைக்கும் கோடா இழுக்கணும். நகத்துல மட்டும் ஒரு பொட்டு வெச்சு அனுப்பறதுதான் பெரிய தப்பு. மை முன்னாடி, கையெழுத்து பின்னாடி, இந்த வரிசையும் மாறக்கூடாது. எழுதி முடிக்கிற நேரத்துல மை காயும்.

இடது ஆள்காட்டி விரலே இல்லாதவருக்கு இடது கையில் வேறு எந்த விரலிலும் வெக்கலாம், இடது கையில் விரலே இல்லேன்னா வலது ஆள்காட்டி விரல்ல. 1961 தேர்தல் நடத்தும் விதிகள்ல 49கேயில் இருக்கு. விரலைக் காட்ட மறுத்தா ஓட்டு கிடையாது.

மூணாவது கால்தான் கஷ்டம். ஒரே கட்சி ஏஜென்ட் மட்டும் உட்கார்ந்திருக்கிற பூத்துல எந்த அட்டையும் உதவாது. அட்டையைப் பார்க்க வேண்டியவரையே பயமுறுத்தி வெச்சிருந்தா, பன்னிரண்டு ஆவணமா இருந்தா என்ன, ஒண்ணா இருந்தா என்ன?

#6 தெக்கத்தியான்

மைவிரல் தம்பி சொன்னதையே எடுத்துக்குவோம். ஏஜென்ட் பயப்படுவார், அலுவலர் பயப்படுவார். கருவி பயப்படுமா? அதனாலதான் விரல்ரேகைன்னேன். மனுஷனை நம்பற இடத்தைக் குறைச்சுக்கிட்டே வரணும்.

#7 கணக்குப்பிள்ளை

கருவிக்குப் பயம் இல்லை, சரி. கருவிக்கு நேரம் வேணும். கணக்குப் போடுவோம்.

ஒரு பூத்துக்கு வாக்காளர் உச்சவரம்பு முன்னாடி 1,500, 2025இல் 1,200 ஆக்கினாங்க. 1,200இல் 75 சதவீதம் வந்தா 900 பேர். காலை 7 முதல் மாலை 6 வரை 11 மணி நேரம், அதாவது 39,600 விநாடி. தலைக்கு 44 விநாடி. ரேகைக்குக் கூடுதலா 30 விநாடின்னு வெச்சா 900 பேருக்கு ஏழரை மணி நேரம் கூடுதல். வாக்குப்பதிவு நள்ளிரவு தாண்டிப் போகும்.

#8 பதினேழுஏ

பிள்ளைவாள், கணக்குல ஒரு பிசகு. மூணு மேசையும் ஒரே நேரத்தில் ஓடுது. நேரங்களை அப்படியே கூட்டக் கூடாது. எந்த மேசை மெதுவோ அதுதான் வரிசையின் வேகம். இப்போதைக்கு இயந்திரத்துக்கு ஓர் ஓட்டுக்குச் சுமார் 12 விநாடி ஆகுது, விவிபேட் (போட்ட ஓட்டைக் காகிதத்தில் காட்டும் கருவி) சீட்டு கண்ணாடியில் தெரியறதே 7 விநாடி. இரண்டாம் மேசைதான் மெதுவான மேசை: மை, எழுத்து, கையெழுத்து. முதல் மேசையில் ரேகைக் கருவி வெச்சா, முதல் முயற்சியிலேயே விழறவங்களுக்குப் பெரிய தாமதம் இருக்காது. மூணு தடவை துடைச்சு, விரலை மாத்தி வெச்சுப் பார்க்க வேண்டியவங்களாலதான் வரிசை நிக்கும். கூட்டமும் சீரா வராது. காலை 7 முதல் 9, மாலை 4 முதல் 6, அப்பத்தான் நெரியும். 6 மணிக்கு வரிசையில் நிக்கறவங்களுக்குக் கடைசி ஆள்லேர்ந்து முன்னோக்கி எண் போட்ட சீட்டு கொடுத்து, அத்தனை பேரையும் போட விடணும்கிறது வேற.

#9 கணக்குப்பிள்ளை

பிசகை ஒத்துக்கறேன். அப்ப நேரத்தை விட்டுட்டு ஆளை எண்ணுவோம். நூற்றுக்கு ரெண்டே ரெண்டு பேருக்கு ரேகை விழலைன்னு வெச்சுக்குங்க. இது அனுமானம்தான், புள்ளிவிவரம் இல்லை. 900 பேர்ல 18 பேர். ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 300 பூத்துன்னா 5,400 பேர். சுண்ணாம்பு, சிமெண்ட், செங்கல், தீப்பெட்டி, பீடி இலை, இதுலயே விரல் தேய்ஞ்சவங்கதான் அந்த 5,400இல் அதிகம் இருப்பாங்க. ரேஷன் கடையில ரேகை விழலைன்னா வேற வழி உண்டு, நாளைக்கும் வரலாம். ஓட்டுக்கு நாளை கிடையாது.

2016இல் ராதாபுரம் தொகுதி 49 ஓட்டு வித்தியாசத்துல முடிஞ்சுது. அங்க தகராறு என்ன தெரியுமா? 203 தபால் ஓட்டுகளை, சான்றொப்பம் போட்ட தலைமை ஆசிரியர் அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி இல்லைன்னு தள்ளுபடி பண்ணினாங்க. ஓட்டுப் போட்டவர் யாருங்கறதுல சந்தேகமே இல்லை, அவரை அடையாளம் காட்டினவருக்குத் தகுதி இருக்கான்னு சண்டை. 2019இல் உயர் நீதிமன்றம் அந்தத் தபால் ஓட்டுகளையும் கடைசி மூணு சுற்றையும் திரும்ப எண்ணச் சொன்னது, முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ஆவண விதியை எவ்வளவு இறுக்கறோமோ அவ்வளவுக்கு இந்த மாதிரிக் குதர்க்கத்துக்கு இடம் கொடுக்கறோம்.

#10 பச்சைத்தமிழச்சி

சரி, ஒருத்தர் பூத்துக்குப் போறார், அவர் ஓட்டை ஏற்கெனவே யாரோ போட்டாச்சு. 49பி (ஆங்கில P) விதின்னு எல்லாரும் சொல்றாங்களே, அது எப்படி வேலை செய்யுது? வாட்ஸ்அப்ல வர்றது எவ்வளவு உண்மை?

#11 சட்டப்புள்ளி

'சர்க்கார்' சினிமா வந்த பிறகு 49பி எல்லார் வாயிலயும் இருக்கு, பாதி தப்பாக.

வாட்ஸ்அப் செய்தியில மூணு புளுகு. ஒண்ணு, "பட்டியலில் பெயர் இல்லேன்னாலும் ஆதாரைக் காட்டி 49ஏ பிரிவில் சேலஞ்ச் ஓட்டுப் போடலாம்." 49ஏ என்பது வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பு பற்றிய விதி. பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு எந்த விதியிலும் ஓட்டு இல்லை. ரெண்டு, "49பியில் போட்டா இயந்திரத்தில் மறுபடி போட விடுவாங்க." விட மாட்டாங்க. மூணு, "14 சதவீதத்துக்கு மேல் அப்படிப் பதிவானா மறுதேர்தல்." அப்படி ஒரு விதியே கிடையாது.

உண்மையில் நடப்பது இது. உங்க பெயருக்கு நேரா ஏற்கெனவே கோடு விழுந்திருக்கு. உடனே தலைமை அலுவலர்கிட்ட போகணும். "வீட்டுக்குப் போய்ட்டு அப்புறம் வாங்க"ன்னா நகரக் கூடாது. அவர் உங்களை அடையாளம் பற்றிக் கேள்வி கேட்பார். திருப்தியா இருந்தா 17பி படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கிட்டு ஒரு காகித வாக்குச்சீட்டு கொடுப்பார். பின்பக்கம் டெண்டர் வாக்குச்சீட்டுன்னு எழுதியோ முத்திரை வெச்சோ இருக்கணும், இல்லேன்னா கேட்டு எழுத வையுங்க. ஒவ்வொரு பூத்துக்கும் 20 சீட்டு அனுப்பியிருப்பாங்க. அம்புக்குறி ரப்பர் முத்திரையால மறைவில் குத்தி, மடிச்சு, அவர்கிட்டயே கொடுத்தா தனி உறையில வெப்பார். கட்டணம் ஒரு பைசா கிடையாது. எத்தனை சீட்டு கொடுத்தாருங்கற எண்ணிக்கை பூத்தோட ஓட்டுக் கணக்கான 17சி படிவத்திலும் ஏறும்.

எண்ணிக்கை நாளில் அந்த உறையைத் திறக்க மாட்டாங்க. தேர்தல் வழக்கு வந்து நீதிமன்றம் சொன்னாத்தான். அப்ப எதுக்குன்னு கேட்கலாம். ராஜஸ்தான் நாத்வாரா, 2008: ஒரே ஒரு ஓட்டில் காங்கிரஸ் வேட்பாளர் சி.பி.ஜோஷி தோத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, சண்டையின் மையத்தில் இந்த டெண்டர் ஓட்டுகள். போடாம திரும்பிப் போனவருடைய ஓட்டு எந்த உறையிலும் இருக்காது.

சேலஞ்ச் என்பது வேற சமாச்சாரம். விதி 49ஜே. ஏஜென்ட் ஒருத்தர் "இவர் அவர் இல்லை"ன்னு எழுந்தா 2 ரூபாய் கட்டணும். ஆமா, 2 ரூபாய்தான். 1961லேர்ந்து மாறாத விலைவாசி இது ஒண்ணுதான். முதல்ல ஆதாரம் காட்ட வேண்டியது ஆட்சேபித்தவர். அவர் ஏதாவது காட்டினாத்தான் வாக்காளர் பதில் சொல்லணும். தேவைன்னா ஊர் அலுவலரை, அக்கம்பக்கத்தாரைக் கேட்கலாம். விவரம் 14ஆம் படிவத்தில் ஏறும். ஆட்சேபம் நிக்கலைன்னா ஓட்டுப் போட விடணும். வேணும்னே வம்புக்குப் பண்ணினதா இருந்தா 2 ரூபாய் போச்சு. ஆள்மாறாட்டம்னு உறுதியானா போலீஸ்கிட்ட எழுத்து மூலம் ஒப்படைக்கணும். பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 174, ஒரு வருஷம் வரை சிறை.

இதுல ஒரு நுணுக்கம்: பட்டியலில் பெயர் இருக்கு, ஆளைப் பார்த்தா பதினாறு வயசு மாதிரி இருக்கு. அப்பவும் வயசைக் காரணம் காட்டித் தடுக்கத் தலைமை அலுவலருக்கு அதிகாரம் இல்லை. வயது பற்றி உறுதிமொழி வாங்கிக்கிட்டு விடணும். பட்டியலின் சரி தவறை பூத்துல விசாரிக்க முடியாது.

#12 வடமராட்சியான்

இலங்கைப் பக்கத்து நடைமுறையையும் சொல்லிவிடுறன், ஒப்பிட உதவும். எங்கட நாட்டில அடையாள ஆவணம் இல்லாமல் வாக்களிக்க ஏலாது. தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதியர் அடையாள அட்டை, முதியோர் அடையாள அட்டை, மதகுருமாருக்கான அட்டை, இப்பிடிக் கொஞ்சம்தான் செல்லும். தபாலில வாற உத்தியோகபூர்வ வாக்காளர் அட்டை அடையாள ஆவணம் இல்லை. அது இல்லாமலும் வாக்களிக்கலாம், அதை மட்டும் கொண்டுபோய் வாக்களிக்கேலாது.

ஆனால் ஒன்று. எந்த அட்டையும் இல்லாதவருக்குத் தேர்தல்கள் ஆணைக்குழு தற்காலிக அடையாள அட்டை தரும். கிராம அலுவலரிட்டைப் படத்தோட விண்ணப்பிக்க வேணும். இடம்பெயர்ந்து சகல ஆவணத்தையும் துலைச்ச சனம் உள்ள நாட்டில இது இல்லாமல் கட்டாயம் எண்டு சொல்லியிருந்தால், வடக்குக் கிழக்கில எத்தனை பேர் வெளியில நிண்டிருப்பினம் எண்டு யோசியுங்கோ. கட்டாயமாக்கிறது பெரிய விசயமில்லை. கட்டாயமாக்கிறவன்தான் அட்டையையும் கையில கொண்டுவந்து தரவேணும்.

#13 மைவிரல்

வடமராட்சியான் அண்ணை சொன்னதுக்குச் சாட்சி பிரிட்டன். அங்க 2022 தேர்தல் சட்டம் வரும் வரை பெயரையும் முகவரியையும் சொன்னாப் போதும் (வட அயர்லாந்து மட்டும் விதிவிலக்கு, அங்க 2003லேர்ந்தே படம் போட்ட அட்டை கட்டாயம்). 2019இல் அங்கே போலீசுக்கு வந்த வாக்குச்சாவடி ஆள்மாறாட்டப் புகார் மொத்தம் 33. புதிய விதி முதல்ல வந்தது 2023 மே, இங்கிலாந்து உள்ளாட்சித் தேர்தலில். அட்டை இல்லாம திரும்பிப் போய், மறுபடி வராதவங்க சுமார் 14,000, வந்தவங்கள்ல 0.25 சதவீதம். 2024 பொதுத் தேர்தலில் அது 0.08 சதவீதமாக் குறைஞ்சுது. இலவச அட்டையும் கொடுத்தாங்க. இத்தனைக்கும் 33 புகாருக்காக!

ஆஸ்திரேலியாவில் அட்டையே கேட்கறதில்லை. முழுப் பெயர் என்ன, எங்க குடியிருக்கீங்க, இந்தத் தேர்தல்ல ஏற்கெனவே ஓட்டுப் போட்டாச்சா, மூணு கேள்விதான்.

#14 தெக்கத்தியான்

ஆஸ்திரேலியாவை இழுக்காதீங்க தம்பி. அங்க ஓட்டுக்குப் பணம் கொடுத்து டோக்கன் விநியோகிக்கறதில்லை. ஊருக்கேத்த பூட்டு. புகார் 33தான்னா தப்பும் 33தான்னு அர்த்தமா? ஆள்மாறாட்டம் சரியா நடந்தா புகாரே வராது. செத்தவர் வந்தா புகார் கொடுப்பார்?

#15 மைவிரல்

செத்தவர் விஷயத்தில் நீங்க சொல்றது நியாயம். அதுக்கு மருந்து பட்டியலை ஒழுங்கா வெக்கறது. உயிரோட இருக்கறவர் விரலைச் சோதிச்சு செத்தவர் பெயரை எப்படி நீக்குவீங்க?

#16 சட்டப்புள்ளி

மைவிரல் தொட்ட இடத்துலதான் உண்மையான சண்டை இருக்கு. ஓட்டுக்கு ரெண்டு வாசல். ஒண்ணு பட்டியல், மற்றது பூத். ரெண்டாவது வாசலைப் பற்றியே பேசிக்கிட்டிருக்கோம். ஆட்களை மொத்தமா வெளியே நிறுத்தறது முதல் வாசல்.

பீகாரைப் பாருங்க. 2025 ஜூன் 24 அன்று வாக்காளர் பட்டியலுக்குச் சிறப்புத் தீவிரத் திருத்தம்னு ஆணை. ஏத்துக்கற ஆவணம் 11: பாஸ்போர்ட், பிறப்புச் சான்று, பள்ளி இறுதிச் சான்று, சாதிச் சான்று, நிரந்தர வசிப்பிடச் சான்று, வன உரிமைச் சான்று இப்படி. ஆதார் இல்லை, பான் இல்லை, ஓட்டுநர் உரிமம் இல்லை, நூறு நாள் அட்டை இல்லை, ஆணையமே கொடுத்த வாக்காளர் அட்டையும் இல்லை. மேலே நாலாவது பதிவில் உள்ள பட்டியலோட ஒப்பிட்டுப் பாருங்க. ரெண்டாம் வாசலில் செல்லுபடியாகறதுல பெரும்பாலானது முதல் வாசலில் செல்லலை. ஆகஸ்ட் 1 வரைவுப் பட்டியலில் 7.89 கோடி 7.24 கோடி ஆச்சு, சுமார் 65 லட்சம் பெயர் இல்லை. அந்தப் பெயர்களைக் காரணத்தோட வெளியிடச் சொல்லி ஆகஸ்ட் 14இல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. செப்டம்பர் 8இல் ஆதாரைப் பன்னிரண்டாவது ஆவணமாச் சேர்க்கச் சொன்னது, அடையாளத்துக்கு மட்டும், குடியுரிமைக்கு இல்லைன்னு தெளிவா. ஆதார் சட்டம் பிரிவு 9ம் அதையே சொல்லுது. அது வசிப்பவருக்குக் கொடுக்கற எண். இங்க இருக்கற வெளிநாட்டவரும் வாங்கலாம்.

அதே வருஷம் தமிழ்நாட்டிலும் நடந்தது. டிசம்பர் 19 வரைவில் சுமார் 97 லட்சம் பெயர் குறைஞ்சது. அதில் இறந்தவர் உண்டு, இரட்டைப் பதிவு உண்டு, வீடு மாறினவர் உண்டு. சுத்தம் பண்ண வேண்டிய பட்டியல்தான், அதை மறுக்கலை. நீக்கப்பட்டவருக்கு அது தெரியுமா, தெரிஞ்சா எத்தனை நாள் அவகாசம், அதுதான் கேள்வி.

ஆதார் இணைப்பை எடுத்துக்குவோம். 2021 திருத்தச் சட்டம், 6பி படிவம், 2022 ஆகஸ்ட் 1லேர்ந்து. விருப்பத்தின் பேரில்னு சொல்றாங்க. படிவத்தை எடுத்துப் பாருங்க. ரெண்டே கட்டம்: ஆதார் எண் இது, அல்லது என்னிடம் ஆதார் இல்லாததால் தர இயலவில்லை. "இருக்கு, தர விருப்பமில்லை"ங்கறதுக்குக் கட்டமே இல்லை. விருப்பம் எங்க போச்சு? இது உச்ச நீதிமன்றம் வரை போய், படிவத்தைத் தெளிவுபடுத்தறதா 2023இல் ஆணையம் சொன்னது.

வாக்காளர் அட்டை எண்ணும் கேள்விக்கு அப்பாற்பட்டதில்லை. மூணு எழுத்து, ஏழு இலக்கம். ஒரே எண் வெவ்வேறு மாநிலத்தில் ரெண்டு பேருக்கு இருக்கறதா 2025 மார்ச்சில் புகார் கிளம்பிச்சு. மாநிலங்கள் தனித்தனியா ஒரே எழுத்துத் தொடரைப் பயன்படுத்தினதால வந்தது, எண் ஒண்ணா இருக்கறதாலேயே கள்ள வாக்காளர் ஆயிட மாட்டார்னு ஆணையம் விளக்கியது. அது சரிதான், அவங்கவங்க பூத்துல அவங்கவங்க படம் இருக்கு. ஆனா "ஒரே அட்டை, ஒரே எண், கணினி பார்த்துக்கும்"ங்கற தெக்கத்தியான் சார் கனவுக்கு இது ஒரு குட்டு.

#17 தெக்கத்தியான்

குட்டு வாங்கிக்கறேன், ஆனா தோல்வியை ஒத்துக்கலை. விரல்ரேகையை விடறேன், கணக்குப்பிள்ளையோட 5,400க்குப் பதில் என்கிட்ட இல்லை. ஆனா படம் போட்ட ஆவணம் கட்டாயம்ங்கறதுல மாற்றமில்லை. பன்னிரண்டையும் ஆறாக் குறைக்கணும். கம்பெனி அட்டையை எந்த அச்சகத்துலயும் அடிச்சுடலாம்.

#18 பதினேழுஏ

கம்பெனி அட்டை விஷயத்தில் உங்க பக்கம் நிக்கறேன். தனியார் பொது லிமிடெட் கம்பெனி அட்டையை முதல் மேசையில் இருப்பவர் எதோட ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்? ஒரே காப்பு, பட்டியலில் உள்ள படம். அது பழைய கறுப்பு வெள்ளைப் படமா, முகமே தெரியாம இருந்தா அதுவும் போச்சு. நூறு நாள் அட்டையை மட்டும் தொடாதீங்க. சில கிராமத்துல வயசான பெண்களுக்கு இருக்கற ஒரே படம் போட்ட காகிதம் அதுதான்.

#19 பச்சைத்தமிழச்சி

கடைசியா ஒண்ணு. வீடு மாறினவங்க பழைய அட்டையை வெச்சுப் புது பூத்துல போடலாமா? போன்ல இருக்கற டிஜிட்டல் அட்டை செல்லுமா?

#20 பதினேழுஏ

புது பூத்தின் பட்டியலில் பெயர் ஏறியிருந்தா பழைய தொகுதி அட்டை செல்லும். ஏறலைன்னா செல்லாது. அதுக்குப் படிவம் 8, முகவரி மாற்றம், திருத்தம், தொலைஞ்ச அட்டைக்கு மாற்று எல்லாம் அதுலதான். புதுசா சேர 6, அடுத்தவர் பெயரை ஆட்சேபிக்க, நீக்க 7. வேட்புமனு கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் எதுவும் ஏறாது. ஆட்சேபத்துக்கு 7 நாள் விடணும், அதனால கடைசி நாளுக்குக் குறைஞ்சது 10 நாள் முன்னாடியே கொடுத்துடுங்க. கொடுத்ததும் வர்ற குறிப்பு எண்ணைப் பத்திரமா வெச்சுக்குங்க, பி.எல்.ஓ. வரலைன்னா அதைச் சொல்லித்தான் கேட்க முடியும்.

டிஜிட்டல் அட்டை 2021லேர்ந்து இருக்கு. ஆனா போனைப் பூத்துக்குள்ள கொண்டுபோக விட மாட்டாங்க, வாசல்லயே வாங்கி வெச்சுக்குவாங்க. முந்தின நாளே அச்செடுத்து வெச்சுக்குங்க, பின்னாடி பகுதி எண்ணையும் வரிசை எண்ணையும் பேனாவால எழுதிக்குங்க.